அ, ஆ முதலிலா, சட்டைப் பொத்தான் முதலிலா?

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்ததும் அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளின் வீட்டாரிடமிருந்து என்னிடம் வரும் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "டீச்சர், இவனை எங்க சேக்க? உள்ளூர்ப் பள்ளிக்கூடத்துலயே விடவா, ஸ்பெஷல் ஸ்கூலுக்கு அனுப்பவா?" கேட்பவர் அம்மா என்றால் கூடவே ஒன்று வரும்: "பேரை எழுதப் படிச்சிட்டான்னா போதும் டீச்சர்." அப்பா என்றால், "எழுத்தெல்லாம் எதுக்கு? தன் வேலையைத் தான் பாத்துக்கிட்டா போதும்."

இதில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. எங்கே படிப்பது என்பது ஒன்று, என்ன படிப்பது என்பது வேறு. உள்ளூர்ப் பள்ளி என்றால் எழுத்து, சிறப்புப் பள்ளி என்றால் வாழ்க்கைத்திறன் என்று நாமே ஒரு கணக்குப் போட்டு வைத்திருக்கிறோம். அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி பக்கத்துக் கிராமங்களில் சிறப்பாசிரியராக அலைந்த அனுபவத்தில் சொல்கிறேன், அந்தக் கணக்கு தப்பு. நான் இங்கே பேசுவது கடுமையான அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைகள், அதோடு மூளை முடக்குவாதமும் சேர்ந்தவர்கள், பேச்சு வராத ஆட்டிசம் பிள்ளைகள் ஆகியோரைப் பற்றி.

சிறப்புப் பள்ளியைப் பற்றி இதற்கு நேர்மாறான இன்னொரு கணக்கும் நம் பக்கத்தில் உண்டு. பாளையங்கோட்டையில் பார்வையற்றோர் பள்ளி 1890-லும் காது கேளாதோர் பள்ளி 1897-லும் தொடங்கிவிட்டன. அங்கே படித்து வேலைக்குப் போனவர்களை நம் பக்கத்தில் பலருக்கும் தெரியும். அதனால் சிறப்புப் பள்ளி என்றதும் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் மனதில் வந்து நிற்கிறது. ஆனால் பிரெய்லும் சைகை மொழியும் பாடத்துக்குப் போகும் வழியைத்தான் மாற்றுகின்றன, பாடம் அதேதான். நான் சொல்லும் பிள்ளைகளுக்கு எந்தப் பாடம், எவ்வளவு, எதற்காக என்பதையே உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

முதலில் பாடத்தின் பக்கம். எனக்குத் தெரிந்த ஒரு பையன், பதினான்கு வயது, டவுன் சிண்ட்ரோம். நூறுவரை தங்குதடையில்லாமல் எண்ணுவான். வகுப்பில் பிளாஸ்டிக் காசு வைத்துப் பாடம் நடத்தியிருந்தார்கள், அதில் எல்லாம் சரியாகச் செய்வான். தெருமுனைக் கடைக்கு அனுப்பினால் கையில் இருக்கும் பணத்தை மொத்தமாக நீட்டுவான், அண்ணாச்சி வேண்டியதை எடுத்துக்கொள்வார். எட்டு வருடக் கணக்குப் பாடம் கடைப்படியில் நின்றுவிட்டது.

நாங்கள் காசைத் தூக்கி ஓரமாக வைத்தோம். பத்து ரூபாய்த் தாள் மட்டும். அண்ணாச்சி சொல்லும் விலையின் தலைப்பகுதியைக் காதில் வாங்கினால் போதும். 'இருபத்தி' என்று கேட்டால் மூன்று தாள். 'முப்பத்தி' என்றால் நான்கு. பதினொன்றிலிருந்து பத்தொன்பதுவரை எதுவானாலும் இரண்டு. சரியாக இருபது ரூபாய்ப் பொருளுக்கு மூன்று தாள் கொடுத்துவிட்டாலும் நஷ்டமில்லை, ஒரு தாள் திரும்பி வந்துவிடும். மீதிக் காசை வாங்காமல் கடையை விட்டு நகரக் கூடாது என்பது இரண்டாவது பாடம். கடைக்காரரிடம் முன்கூட்டியே பேசி வைத்தோம். அவரும் பொறுமையாக, "இருபத்தி ஏழு தம்பி" என்று இழுத்துச் சொல்வார். ஏழு மாதம் ஆனது. இது கணக்கா, வாழ்க்கைத்திறனா? எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை, பிரிக்கவும் கூடாது என்று நினைக்கிறேன்.

வாசிப்பிலும் இதே கதைதான், ஆனால் அங்கே நான் ஒருமுறை மனம் மாறியிருக்கிறேன். 247 எழுத்தையும் வரிசையாகச் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினால் பிள்ளைக்குப் பதினைந்து வயதாகும்போது 'ங' வரிசையில் நிற்போம் என்று சொல்லிக்கொண்டிருந்தவள் நான். அதனால் முழுச்சொல்லாகவே கற்பித்தேன்: தன் பெயர், ஆபத்து, ஆண்கள், பெண்கள், பஸ்ஸில் இருக்கும் திருநெல்வேலி, தென்காசி, பாபநாசம். பஸ் ஸ்டாண்டு கழிப்பறையில் 'ஆண்கள்', 'பெண்கள்' இரண்டும் 'கள்' என்றே முடிகின்றன. வால் ஒன்றாக இருப்பதால் தலையைப் பார்க்கப் பழக்க வேண்டும். இதை எந்த அட்டையும் சொல்லித் தராது, அந்தச் சுவருக்கு முன்னால் போய் நின்றால்தான் தெரியும்.

அப்புறம் ஒரு பிள்ளை தானாகவே 'பாபநாச'த்தின் 'பா'வையும் 'திருநெல்வேலி'யில் வரும் 'ல்'லையும் சேர்த்து, சுவரில் இருந்த 'பால்' என்ற சொல்லைப் படித்துக் காட்டினாள். நான் கற்பிக்காத சொல். அன்றுதான் உறைத்தது: பன்னிரண்டு உயிர், பதினெட்டு மெய், அவற்றோடு ஒட்டும் பதினொரு குறிகள், ஒரு புள்ளி. தமிழில் இவ்வளவு தெரிந்தால் எந்தச் சொல்லையும் எழுத்துக் கூட்டலாம். முழுச்சொல் முறை அவளுக்கு ஏழு சொல்லைக் கொடுத்தது, கதவை நான்தான் சாத்தி வைத்திருந்தேன். இப்போது எல்லாப் பிள்ளைகளுக்கும் இரண்டையும் கொஞ்ச காலம் சேர்த்தே கொடுத்துப் பார்க்கிறேன். எழுத்து பிடிபடும் பிள்ளைக்கு மேலே போக வழி இருக்கிறது. தேசிய திறந்தநிலைப் பள்ளியின் அடிப்படைக் கல்வியில் ஏ, பி, சி என்று மூன்று நிலைகள் உண்டு, அவை 3, 5, 8-ஆம் வகுப்புகளுக்குச் சமம்.

சரி, இனி வாழ்க்கைத்திறன் பக்கம். சென்னையில் உருவான எம்.டி.பி.எஸ். என்ற மதிப்பீட்டுப் பட்டியலைச் சிறப்பாசிரியர்கள் எல்லோரும் அறிவார்கள். 18 பிரிவுகள், ஒவ்வொன்றிலும் 20 செயல்கள், மொத்தம் 360. அதில் வாசித்தல், எழுதுதல், எண், நேரம், பணம் ஆகிய ஐந்துதான் நாம் பாடம் என்று சொல்வது. சாப்பிடுவது, உடுத்துவது, கழிப்பறை, சொன்னதைப் புரிந்துகொள்வது, பொழுதுபோக்கு என்று மீதி பதின்மூன்றும் பள்ளி அட்டவணைக்கு வெளியே கிடப்பவை. பேர் எழுதினால் போதும் என்ற அம்மாவிடம் இந்தப் பட்டியலைக் காட்டியபோது வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சட்டைப் பொத்தானைக் கடைசியிலிருந்து கற்பிப்போம். எல்லாவற்றையும் நாமே செய்து, பொத்தான் பாதி நுழைந்திருக்கும்போது பிள்ளை இழுத்து முடிக்க வேண்டும். 'நான் போட்டேன்' என்ற முடிவு முதல் நாளே கிடைத்துவிடுகிறது. அது பழகியதும் அதற்கு முந்திய படியையும் பிள்ளையிடம் விடுவோம். மரச்சட்டத்தில் துணி கட்டிப் பொத்தான் போடப் பழக்கும் சாதனம் பல இடங்களில் இருக்கிறது. அதை நான் விட்டுவிட்டேன். எதிரே நிற்கும் சட்டத்தில் பொத்தான் இருக்கும் வாட்டம் வேறு, தன் நெஞ்சைக் குனிந்து பார்க்கும்போது இருக்கும் வாட்டம் வேறு. அவன் சட்டையிலேயே, காலையில் உடுத்தும் நேரத்திலேயே பழக்க வேண்டும்.

வளரும் பெண்பிள்ளைகளுக்கு மாதவிடாயைவிட அவசரமான பாடம் கிடையாது. வயதுக்கு வந்தபின் தொடங்கினால் பயமும் ரத்தமும் புதுப் பழக்கமும் ஒரே நாளில் சேர்ந்து வரும். ஒன்பது, பத்து வயதிலேயே வாரம் ஒருநாள் சும்மா நாப்கின் வைத்து உடுத்தப் பழக்கலாம். கதவைச் சாத்துவது, பயன்படுத்தியதைத் தாளில் சுற்றிப் போடுவது, கை கழுவுவது எல்லாம் அதோடு வரும். யார் தொடலாம், யார் தொடக் கூடாது என்பதும் அந்தக் கதவைச் சாத்தும் பாடத்திலேயே இருக்கிறது. இதைக் கற்பிக்காமல் கர்ப்பப்பையை எடுத்துவிடலாமா என்று கேட்ட குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் எனக்குக் கோபம் வரவில்லை, முன்னமே யாரும் அந்த வீட்டுக்குப் போகவில்லையே என்றுதான் இருந்தது.

ஆனால் வாழ்க்கைத்திறன் என்ற பெயரில் பிள்ளையின் காலத்தை வீணாக்கவும் முடியும். ஒரு சிறப்புப் பள்ளியில் ஒன்பது வயதில் பலகைத் துளையில் குச்சி செருகிக்கொண்டிருந்த பையன் பதினாறு வயதிலும் அதையே செருகிக்கொண்டிருந்ததைக் கண்டேன். முன்தொழிற்பயிற்சி என்று பதிவேட்டில் இருந்தது. எந்தத் தொழிலுக்கு? பத்தமடையில் பாய் நெய்கிறார்கள், காருகுறிச்சியில் பானை வனைகிறார்கள், கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் போடுகிறார்கள். அந்தப் பிள்ளை எந்த ஊரோ அந்த ஊர் வேலையில் ஒரு பகுதியை, அப்பளத்தை எண்ணி அடுக்குவதையாவது, பழக்கியிருந்தால் அதற்குப் பெயர் பயிற்சி.

இந்த இழுபறி நம் ஊரில் மட்டும் இல்லை. அமெரிக்காவில் 1975-ல்தான் எல்லா ஊனமுற்ற பிள்ளைகளுக்கும் பள்ளிக் கல்வியைச் சட்டம் உறுதி செய்தது. அடுத்த வருடமே அங்கே சிறப்புக்கல்விப் பேராசிரியராக இருந்த லூ பிரவுனும் அவருடன் பணியாற்றியவர்களும், பிள்ளை பெரியவனாகி வாழப்போகும் இடத்தில் எது தேவையோ அதைக் கற்பியுங்கள் என்று எழுதினார்கள். 1997 சட்டத்திருத்தம் பொதுப்பாடத்திட்டத்தில் எல்லாருக்கும் பங்கு வேண்டும் என்று மறுபக்கம் இழுத்தது. பல் துலக்கத் தெரியாதவனுக்குக் கிரகங்களின் பெயர் எதற்கு என்று ஒரு சாரார் இன்றும் கேட்கிறார்கள். நான் பாதிதான் ஒத்துப்போவேன். நாலாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் ஒரு பேசாத பெண், கதையில் நரி வரும் இடத்துக்கு முன்பே சிரிக்கத் தொடங்குவாள். அடுத்து வருவது அவளுக்குத் தெரியும். அதனால் என்ன பயன் என்று மற்றப் பிள்ளைகளிடம் நாம் கேட்பதில்லையே.

பாடம், வாழ்க்கைத்திறன் இரண்டுக்கும் முன்னால் ஒன்று உண்டு: சொல்லும் வழி. பேச்சு வராத பிள்ளைக்குப் பட அட்டையோ, கண்ணால் காட்டும் பலகையோ, போனில் ஒரு செயலியோ வேண்டும். முதல் சொல்லாக நான் வைப்பது 'வேண்டாம்'. வேண்டாம் என்று சொல்ல வழியில்லாத பிள்ளைதான் கடிக்கிறது, தட்டை எறிகிறது.

இனி எங்கே என்பது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்படி, 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ள 6 முதல் 18 வயதுவரையான பிள்ளை, அருகிலுள்ள பள்ளியிலோ தான் விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசமாகப் படிக்கலாம். கடுமையான குறைபாடுள்ள பிள்ளை வீட்டிலிருந்தே கற்கும் உரிமையை 2012-ல் கல்வி உரிமைச் சட்டத்தில் சேர்த்தார்கள். அந்தத் தேர்வு குடும்பத்துடையது. "வீட்டுலயே வச்சுப் பாத்துக்கோங்கம்மா" என்று பள்ளி அனுப்பிவைப்பது தேர்வாகாது.

உள்ளூர்ப் பள்ளியின் பெரிய பலம் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள். ஒன்றாகச் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் நாளை அதே தெருவில் கடை வைத்திருப்பார்கள், ஆட்டோ ஓட்டுவார்கள். 2022-ல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாக உட்கார வைத்தது எங்கள் பிள்ளைகளுக்கு நல்லதாகப் போயிற்று, மூன்றாம் வகுப்பில் அரும்பு அட்டையோடு இருப்பவன் அவன் மட்டும் இல்லை. குறை என்னவென்றால் என்னைப் போன்றவர்கள் தினமும் அங்கே இருப்பதில்லை. பல பள்ளிகளைச் சுற்றி வருகிறோம். வட்டார வள மையத்தில் இயன்முறைப் பயிற்சி உண்டு, ஆனால் அங்கே கூட்டிப் போக ஆள் வேண்டும். சக்கர நாற்காலி நுழையாத கழிப்பறை ஒன்று போதும், பிள்ளை மதியமே வீடு திரும்பிவிடும்.

சிறப்புப் பள்ளியில் தினமும் பயிற்சி பெற்ற ஆள் இருப்பார், கருவி இருக்கும், அவசரப்படுத்த மாட்டார்கள். பகலில் போய் வருவது என்றால் நல்லது. விடுதிதான் எனக்குத் தயக்கம். ஒரு பையன் விடுதியில் குழாயடியில் தானாகக் குளிக்கப் பழகி வந்தான். வீட்டில் குழாய் கிடையாது, தாமிரபரணிக் கால்வாய்ப் படித்துறைதான். அங்கே முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது, வழுக்கும் படியில் எங்கே நிற்பது என்பதையும் சேர்த்து.

வீட்டுவழிப் பயிற்சியில் இடம் சரியாக அமைந்துவிடுகிறது: அவன் தட்டு, அவன் பாய், அவன் வாசல். நேரம்தான் போதாது. நாங்கள் வாரத்தில் கொஞ்ச நேரம் போவோம், மீதி எல்லாம் அம்மா. கடையம், முக்கூடல் பக்கம் அந்த அம்மா மடியில் பீடித்தட்டு இருக்கும், சுற்றிய பீடிக்குத்தான் கூலி. அவரிடம் போய் தினம் ஒரு மணி நேரம் பயிற்சி கொடுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. எப்படியும் நடக்கும் வேலைக்குள் பாடத்தை ஒளித்து வைக்க வேண்டும்: சோறு ஊட்டும்போது கரண்டியைப் பிள்ளை கையில் வைத்து மேலே உங்கள் கையை வையுங்கள், கடைசி நான்கு வாய்க்கு மட்டும். ஆய்க்குடியில் 1981-ல் தொடங்கிய அமர் சேவா சங்கம் சின்னக் குழந்தைகளுக்கான பயிற்சியைக் கிராமத்துக்கே கொண்டுபோனது இந்தப் பக்கத்துக்கு ஒரு பெரிய வழிகாட்டல்.

என்னைக் கேட்டால், பத்துப் பன்னிரண்டு வயதுவரை உள்ளூர்ப் பள்ளி, பாடமும் சொல்லும் வழியும் சேர்ந்து. அதற்குமேல் வாழ்க்கைத்திறனின் பங்கு கூடிக்கொண்டே போக வேண்டும், அதைச் செய்யும் பகல்நேரச் சிறப்புப் பள்ளி வேன் போகும் தூரத்தில் இருந்தால் அங்கே மாற்றலாம். வலிப்பு அடிக்கடி வரும் பிள்ளை, உட்கார முடியாத பிள்ளை என்றால் வீடு, ஆனால் வருடா வருடம் மறுபடி யோசிக்க வேண்டும். எந்த இடத்திலும் வாசிப்பைச் சுத்தமாக நிறுத்தக் கூடாது. பதினெட்டு வயதில் பள்ளி கைவிட்டுவிடும், 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி பிள்ளைக்காகச் சட்டப்படி முடிவெடுக்கும் காப்பாளர் என்ற சான்றைக் கலெக்டர் தலைமையிலான குழுவிடம் கேட்டு நிற்கும் வயது அது.

இந்த ஜூனில் பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்திக்கு அவள் அம்மாவோடு உட்கார்ந்து திட்டம் எழுதினோம். நாப்கின் மாற்றுவது, 'வேண்டாம்' அட்டையைத் தானாக எடுப்பது, பத்து ரூபாய்த் தாள், தோழியோடு நடந்து பள்ளிக்கு வருவது. நான்கு முடிந்ததும் அம்மா மெதுவாகக் கேட்டார், "பேர் எழுதுறது, டீச்சர்?"

ஐந்தாவதாக அதையும் சேர்த்தோம், கொஞ்சம் மாற்றி. அவள் சத்துணவுத் தட்டின் அடியில் பெயரைப் பெயிண்டால் எழுதி வைத்திருக்கிறார்கள். கழுவிக் கவிழ்த்திருக்கும் தட்டுகளில் தன் தட்டைத் தானே தேடி எடுக்க வேண்டும். முதல் வாரம் கைக்குக் கிடைத்ததை எடுத்தாள். போன வெள்ளிக்கிழமை மூன்று தட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தாள்.