தாய்ச்சங்கமா, தொழிற்சங்கமா: செவிலியர் குழுக்கள் எங்கே இணைவது?

ஒரு மருத்துவமனையிலோ ஒரு மாவட்டத்திலோ செவிலியர்கள் கூடி அமைப்பு ஒன்றைத் தொடங்கினால், தலைவர், செயலாளர், பொருளாளர் என்று பொறுப்பாளர்களைத் தேர்ந்தெடுத்த கையோடு எழும் கேள்வி, நாம் யாருடன் இணைவது என்பதுதான். டி.என்.ஏ.ஐ. என்று நாம் அழைக்கும், 1908 முதல் இயங்கிவரும் தேசியத் தாய்ச்சங்கமான இந்தியப் பயிற்சி பெற்ற செவிலியர் சங்கத்தின் கிளையாகச் சேர்வது ஒரு வழி. தொழிற்சங்கமாகப் பதிவுசெய்துகொண்டு ஊதியத்துக்காக நிர்வாகத்துடன் நேரடியாகப் பேசுவது இன்னொரு வழி. இந்த இரண்டும் என்ன செய்யும், என்ன செய்யாது என்பதை அறிய, 2011ஆம் ஆண்டில் தொடங்கிய இரண்டு முயற்சிகளைப் பார்த்தாலே பெரும்பாலும் போதுமானது.

அந்த ஆண்டில் டி.என்.ஏ.ஐ., தனியார் மருத்துவமனைச் செவிலியர்களின் ஊதியம், பணிச்சூழல் குறித்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. 2016 ஜனவரி 29 அன்று வந்த தீர்ப்பின்படி மத்திய அரசு ஒரு குழுவை அமைத்தது. 200 படுக்கைகளுக்கு மேல் உள்ள தனியார் மருத்துவமனைகள் அந்தந்த மாநில அரசுச் செவிலியருக்கு இணையாகவும், 100க்கு மேல் உள்ளவை அதில் 10 விழுக்காட்டுக்கு மேல் குறையாமலும், 50 முதல் 100 வரை உள்ளவை 25 விழுக்காட்டுக்கு மேல் குறையாமலும் ஊதியம் தர வேண்டும் என்றும், 50 படுக்கைக்கும் குறைவான சிறு மருத்துவமனைகளிலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்றும் அக்குழு பரிந்துரைத்தது. ஒரு மாவட்டக் குழு எத்தனை மனுக்கள் கொடுத்தாலும் நாடு முழுமைக்குமான இப்படி ஓர் அளவுகோலைப் பெற்றிருக்க முடியாது. டெல்லியில் அலுவலகமும், மாநிலந்தோறும் கிளைகளும், நூறாண்டு கடந்த பெயரும் உள்ள சங்கத்துக்கே அது கைகூடும்.

ஆனால் மருத்துவமனைகள் மாநில அரசின் பொறுப்பில் வருபவை. ஆகவே மத்திய அரசால் அந்தப் பரிந்துரைகளை மாநிலங்களுக்கு அனுப்பிவைக்க முடிந்ததே தவிர, கட்டாயமாக்க முடியவில்லை. படுக்கைக் கணக்கைப் பார்த்துச் சம்பளத்தை உயர்த்திக் கொடுக்க நிர்வாகங்கள் பெரும்பாலும் தாமாக முன்வரவும் இல்லை.

அதே 2011இல் திருச்சூரில் யுனைடெட் நர்சஸ் அசோசியேஷன் தொடங்கப்பட்டது. தனியார் மருத்துவமனை வார்டுகளில் பணியாற்றும் செவிலியர்களே அதன் பலம். வேலைநிறுத்தம் அதன் கருவி. டெல்லிக் குழு எழுதிவைத்த அந்த 20,000 ரூபாயைக் கையிலெடுத்து, 2017இல் கேரளம் முழுவதும் போராடி, 2018 ஏப்ரலில் மீண்டும் ஒரு பெரும் போராட்டத்துக்கு நாள் குறித்த நிலையில், செவிலியரின் குறைந்தபட்ச அடிப்படை ஊதியம் 20,000 ரூபாய் என்ற அரசாணையை அது பெற்றது. எண்ணைப் பெற்றுத் தந்தது ஒரு சங்கம். அந்த எண்ணை அரசாணையாக்கியது இன்னொரு சங்கம். இணைப்பைப் பற்றி விவாதிக்கும் எந்தக் குழுவும் இதைத்தான் முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கூட்டத்தில் நம் அருகில் யார் அமர்ந்திருக்கிறார்கள் என்பதும் முக்கியமானது. டி.என்.ஏ.ஐ.யின் வேர், 1905இல் லக்னோவில் செவிலியர் கண்காணிப்பாளர்கள் அமைத்த சங்கத்தில் இருக்கிறது. இன்றும் கண்காணிப்பாளர், கல்லூரி முதல்வர், ஸ்டாஃப் நர்ஸ் ஆகிய அனைவரும் ஒரே உறுப்பினர் பட்டியலில் இருக்கிறார்கள். பாடத்திட்டம், பணித்தரம், தொழிலின் மதிப்பு ஆகியவற்றைப் பேச இது பெரிய பலம். ஆனால் தொடர்ந்து நைட் டூட்டி போடுவதையோ, அசல் சான்றிதழை நிர்வாகம் திருப்பித் தராமல் வைத்திருப்பதையோ பேச வேண்டிய நேரத்தில், டூட்டி லிஸ்ட் போடுபவரின் முன்னிலையில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் வாய் திறப்பாள் என்று எதிர்பார்க்க முடியாது. (மாநிலச் செவிலியர் கவுன்சிலில் செய்யும் பதிவும் டி.என்.ஏ.ஐ. உறுப்பினர் அட்டையும் ஒன்றே என்று எண்ணுவோர் இன்னும் உண்டு. முன்னது பணிபுரியச் சட்டம் கேட்கும் பதிவு. பின்னது நாமாக விரும்பிச் சேர்வது.)

மேலதிகாரிகளும் வார்டு செவிலியரும் ஒரே சங்கத்தில் இருக்கும் இந்த முரண் அமெரிக்காவில் முற்றியபோது, 1995இல் கலிபோர்னியா செவிலியர் சங்கம் தேசியத் தாய்ச்சங்கத்திலிருந்தே விலகியது. ஒரு செவிலியருக்கு இத்தனை நோயாளிகள்தான் என்று வரம்பிடும் நோயாளி–செவிலியர் விகிதத்துக்கான சட்டத்தை 1999இல் வென்றது. 2004இல் அது நடைமுறைக்கு வந்தது. இருந்தும் தனித்து நின்றுவிடாமல், 2009இல் பிற மாநிலச் சங்கங்களுடன் சேர்ந்து புதியதொரு தேசிய அமைப்பை அது உருவாக்கியது.

தமிழ்நாட்டில் விடை எல்லாருக்கும் ஒன்றாக இருக்காது. தனியார் மருத்துவமனையில் தொழிற்சங்க வழி திறந்தே இருக்கிறது: மருத்துவமனையும் தொழிலாளர் சட்டம் சொல்லும் ‘தொழில்’ என்ற வரையறைக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1978இல் தீர்ப்பளித்திருக்கிறது, பதிவுக்கு விண்ணப்பிக்க ஏழு பேர் போதும், ஆனால் பணியாளர்களில் 10 விழுக்காட்டினரோ 100 பேரோ, இவற்றில் எது குறைவோ அத்தனை பேர், உறுப்பினராக இருக்க வேண்டும். அரசுச் செவிலியர் நிலை வேறு. 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் 2015இல் எம்.ஆர்.பி. எனும் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாக எடுக்கப்பட்ட செவிலியர்கள், பணி நிரந்தரம் கேட்டு 2017 நவம்பர் இறுதியில் சென்னை தேனாம்பேட்டையில் மருத்துவப் பணிகள் இயக்குநரகம் உள்ள டி.எம்.எஸ். வளாகத்தில் திரண்டபோது, சென்னை உயர் நீதிமன்றம் தலையிட, அவர்கள் பணிக்குத் திரும்ப நேர்ந்தது. வேலைநிறுத்தம் எளிதில் கைகூடாத இடத்தில் வழக்கு, மனு, தேசிய அளவிலான குரல் ஆகியவற்றின் எடை கூடுகிறது.

ஆகவே தனியார் துறைக் குழுவுக்கு நான் சொல்வது, தொழிற்சங்கப் பதிவை முதலில் முடித்துக்கொண்டு, டி.என்.ஏ.ஐ.யில் தனித்தனியாக உறுப்பினராகுங்கள் என்பதே. அரசுச் செவிலியர் குழு தாய்ச்சங்கத்துடன் நெருங்கி நிற்பதில் இழப்பு குறைவு. எந்த அமைப்போடு இணைந்தாலும், சந்தாவில் எவ்வளவு உள்ளூரில் தங்கும், வங்கிக் கணக்கில் யார் கையெழுத்திடுவார், போராட்ட முடிவை எடுப்பது யார், விலகும்போது கையிருப்பு யாருக்குச் சேரும் என்ற நான்கையும் பொதுக்குழுவில் வாசித்து, தீர்மானப் புத்தகத்தில் எழுதிய பிறகே இணைப்புக் கடிதத்தில் கையெழுத்திட வேண்டும்.