ஸ்கெட்ச் புக்கோடு போக மசாய் மாராவா, எடோஷாவா?

ஆப்பிரிக்க விலங்குகளை நேரில் பார்த்து வரைய வேண்டும், ஆனால் ஒரே ஒரு பயணம்தான் கட்டுப்படியாகும். எங்கே போவது? பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது கென்யாவின் மசாய் மாரா. நான் நமீபியாவின் எடோஷா தேசியப் பூங்காவைத்தான் சொல்வேன்.

மாராவின் பெருமையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஜூலை முதல் அக்டோபர் வரை பக்கத்து நாடான தான்சானியாவின் செரங்கெட்டி பக்கமிருந்து லட்சக்கணக்கில் வில்டபீஸ்ட்கள் (மாடு போன்ற பெரிய மான் வகை) வரும். ஆற்றில் அவை முட்டி மோதி இறங்கும்போது, ஒரு முதுகு எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது. வேகத்தையும் கூட்டத்தையும் வரையப் பழக அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. புல்வெளி திறந்து கிடப்பதால் சிங்கத்தின் முழு உடலும் மறைவில்லாமல் கண்ணுக்குக் கிடைக்கும்.

சிக்கல் வண்டியில்தான். நீங்கள் பார்ப்பதெல்லாம் அதற்குள்ளிருந்துதான். இன்ஜினை அணைத்தாலும், பின் இருக்கைக்காரர் கேமராவோடு எழுந்தால் போதும், பென்சில் தாவிவிடும். மற்றவர்கள் நாலு போட்டோ எடுத்ததும் "போகலாமா?" என்பார்கள். அப்போதுதான் உங்களுக்குத் தோள் எலும்பு பிடிபடத் தொடங்கியிருக்கும். தனி வண்டி எடுத்தால் இது தீரும், ஆனால் செலவு எகிறும். 2024 முதல் ஜூலை–டிசம்பர் மாதங்களில் வெளிநாட்டவருக்கு நுழைவுக் கட்டணமே ஒரு நாளைக்கு 200 டாலர்.

எடோஷாவில் விஷயமே வேறு. 22,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்த காடு, நடுவே கிட்டத்தட்ட 4,800 சதுர கிலோமீட்டருக்கு வெள்ளை வெளேரென்று உப்புத் தரை. மே முதல் அக்டோபர் வரை பெரும்பாலும் மழை கிடையாது. காய்ந்த பூமியில் தண்ணீர்க் குட்டைகளை விட்டால் விலங்குகளுக்கு வேறு வழியில்லை. நாம் தேடிப் போக வேண்டாம், அவை வரும். சாதாரண காரை நீங்களே ஓட்டிப் போகலாம், நம் ஊர் மாதிரியே இடப்பக்கம்தான். ஒரு குட்டையோரம் நிறுத்திக்கொண்டு காலை முழுக்க இருந்தாலும் யாரும் கேட்கப் போவதில்லை.

ஒட்டகச்சிவிங்கி தண்ணீர் குடிப்பதை அப்படி உட்கார்ந்து பார்த்தால்தான் புரியும். முன்னங்கால்களைக் கொஞ்சம் கொஞ்சமாக அகட்டும், நின்று சுற்றிலும் பார்க்கும், மறுபடி அகட்டும். கழுத்து கீழே இறங்கும்போது தோள்பட்டை எலும்பு தோலுக்குள்ளிருந்து மேலே துருத்திக்கொண்டு வரும். சந்தேகம் வந்தால் சட்டென்று நிமிர்ந்துவிடும். அப்புறம் எல்லாம் முதலிலிருந்து. அந்தத் தயக்கம்தான் வரைகிறவருக்குக் கிடைக்கும் வரம். ஒரே நிலையை நாலைந்து முறை பார்க்கலாம், விட்ட கோட்டைப் பிடிக்கலாம்.

யானைகள் இன்னொரு பாடம். வெண்களிமண் புழுதி படிந்து அவை வெளிறித் தெரியும். சாம்பல் நிறம் குழைத்து வைத்திருந்தால் வீண். காகிதத்தின் வெள்ளையை அப்படியே விட்டுவிட்டு, பின்னணியை அழுத்தித்தான் உருவத்தைக் கொண்டுவர வேண்டும்.

எடோஷாவுக்குள்ளேயே தங்குவதற்கான ஒகாகுயெயோ முகாமில் தண்ணீர்க் குட்டை ஒரு தாழ்வான கற்சுவருக்கு அப்பால் இருக்கிறது. இந்தப் பக்கம் பெஞ்சுகள், இரவு முழுக்க விளக்கு. கருப்புக் காண்டாமிருகம் வந்து நின்றால் தண்ணீரில் தலைகீழாக இன்னொன்று தெரியும். அந்த வெளிச்சத்தில் வண்ணத்தை நம்ப முடியாது, கரித்துண்டு போதும்.

சாம்பியாவின் தெற்கு லுவாங்வாவையும் சிலர் சொல்வார்கள். அங்கே துப்பாக்கிக் காவலரோடு நடந்தே போகலாம். கால்தடம், எச்சம், மரப்பட்டையில் உரசிய தடம் எல்லாம் மிக அருகில் பார்க்கக் கிடைக்கும். ஆனால் வரிசையாக நடக்கும்போது நினைத்த இடத்தில் நின்று வரைய முடியாது. இரண்டாவது பயணத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

சரி, ஆற்றைக் கடக்கும் காட்சிதான் உங்கள் ஓவியத்தின் கருவென்றால் மாராவுக்கே போங்கள். அப்படியானால் ஆட்களைச் சேர்க்காமல் தனி வண்டி எடுங்கள். பணம் போதவில்லையென்றால் நாட்களைக் குறையுங்கள், வண்டியைப் பங்கு போடாதீர்கள்.