ஃபிரெட் சா, ஸ்க்ரோல் சா, லேசர்: எந்த வேலைக்கு எது?

மரத்தில் சித்திர வெட்டு வேலையைப் பொழுதுபோக்காகத் தொடங்கி, பிறகு கொலு, கிரகப்பிரவேசம், திருமணத் தாம்பூலம் என்று ஆர்டர் எடுக்க விரும்புகிறவர்கள் கும்பகோணம், தஞ்சாவூர் வட்டாரத்தில் இப்போது பெருகியிருக்கிறார்கள். எந்த மெஷின் வாங்கலாம் என்றுதான் அவர்கள் முதலில் கேட்கிறார்கள். பலகை எத்தனை மில்லிமீட்டர் கனம், வடிவத்துக்குள் எத்தனை உள்துளைகள் என்ற இரண்டையும் தெரிந்துகொள்ளாமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது என்பது என் அனுபவம்.

கையால் அறுக்கும் ஃபிரெட் சாவைத்தான் முதலில் எடுக்கச் சொல்வேன். வளைந்த எஃகுச் சட்டத்தில் ஏறத்தாழ 130 மில்லிமீட்டர் நீளமுள்ள நூல் போன்ற பிளேடு பூட்டியிருக்கும். பற்கள் கைப்பிடியை நோக்கி இருக்க வேண்டும், கீழே இழுக்கும்போது மட்டுமே அது அறுக்கும். மேசை விளிம்பில் ‘வி’ வடிவத்தில் வெட்டிய ஒரு தாங்கு பலகையை இறுக்கி, வேலைப்பலகையை அதன் மேல் வைத்து, வாளை ஒரே இடத்தில் செங்குத்தாக ஓட்டிக்கொண்டு மரத்தைத் திருப்புவதுதான் முறை. வாளைத் திருப்பும் பழக்கம் கைக்கு வந்துவிட்டால் அதை விடுவது கடினம். அந்தப் பழக்கத்தோடு மெஷினுக்குப் போகிறவர் நாளுக்கு நாலு பிளேடு முறிப்பார். ஆறு மில்லிமீட்டர் பிளைவுட் வரை இதில் நிறைவாகச் செய்யலாம். அதற்கு மேல் கை சோர்ந்து, வெட்டு சாயத் தொடங்கும்.

ஸ்க்ரோல் சா என்பது அதே பிளேடை மேலும் கீழுமாக மோட்டாரால் ஓட்டும் இயந்திரம். பெரும்பாலானவற்றில் நிமிடத்துக்கு 400 முதல் 1,600 வீச்சு வரை வேகத்தைக் கூட்டிக் குறைக்கலாம். பிளேடுக்கும் பின்புறத் தூணுக்கும் உள்ள இடைவெளி, சிறு மெஷின்களில் வழக்கமாக 16 அங்குலம், எவ்வளவு அகலமான பலகையை உள்ளே சுழற்றலாம் என்பதைத் தீர்மானிக்கிறது. வாங்கும்போது அதைக் காட்டிலும் கவனமாகப் பார்க்க வேண்டியது பிளேடு பூட்டும் முறையை. நான் முதலில் வாங்கிய மெஷின், இரு முனையிலும் குறுக்கே சிறு ஊசி பதித்த ‘பின்’ பிளேடுகளை மட்டுமே ஏற்றது. எல்லா வேலைக்கும் இது போதும் என்று விற்றவர் உறுதி சொன்னார். அந்தக் குறுக்கு ஊசி நுழையும் அளவுக்குத் துளை போட்டால் சிக்குக் கோலத்தின் சிறு கண்கள் ஒவ்வொன்றும் துளைக்குள்ளேயே காணாமல் போயின. ‘பின்’ இல்லாத பிளேடையும் பிடிக்கும் மெஷினைத்தான் வாங்க வேண்டும். அதில் ஒரு மில்லிமீட்டர் துளைக்குள்கூட மெல்லிய பிளேடைக் கோக்கலாம்.

உள்துளை என்பது என்ன செலவு என்று புதியவர்களுக்குத் தெரிவதில்லை. பூஜை அறைக் கதவுக்கான மயில் ஜாலி (கண் கண்ணாகத் துளைத்த பலகை) ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு கண்ணுக்கும் முதலில் டிரில்லால் துளை போட வேண்டும். பிறகு மெஷினை நிறுத்தி, விறைப்பைத் தளர்த்தி, பிளேடின் மேல்முனையைக் கழற்றி, பலகையைத் தூக்கி அடுத்த துளையைக் கண்டுபிடித்துக் கோத்து, மீண்டும் பூட்டி, விரலால் சுண்டினால் தந்தி போல் ஒலி வரும் வரை விறைப்பேற்ற வேண்டும். பழகிய கைக்கே இதற்கு ஒரு நிமிடம் ஆகும். எழுபத்திரண்டு கண்கள் உள்ள மயிலுக்கு, அறுக்கும் நேரம் நீங்கலாக, கோப்பதற்கு மட்டும் ஒரு மணி பன்னிரண்டு நிமிடம். ஒளிக்கதிரால் எரித்து வெட்டும் லேசர் மெஷின் அந்தக் கண்களை ஒன்றன் பின் ஒன்றாக, யாரும் தொடாமல், துளையும் போடாமல் வெட்டிவிடும். மெல்லிய பலகையில் நெருக்கமான ஜாலி என்றால் லேசரோடு போட்டியிட நான் யாரையும் தூண்ட மாட்டேன்.

ஆனால் இந்தக் கணக்கு மாறுவதற்கு ஸ்க்ரோல் சாவிலேயே வழி இருக்கிறது. மூன்று மில்லிமீட்டர் பிளைவுட் நான்கை அடுக்கி, ஓரங்களை டேப்பால் சுற்றிக் கட்டி, மேலே படத்தை ஒட்டி அறுத்தால் ஒரே ஓட்டத்தில் நான்கு மயில்கள் கிடைக்கும். கோக்கும் நேரம் ஒன்றுக்கு பதினெட்டு நிமிடமாகக் குறையும். மேசை பிளேடுக்குச் சரியாகத் தொண்ணூறு டிகிரியில் இருக்கிறதா என்று மூலைமட்டம் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும், இல்லையென்றால் அடியில் இருக்கும் மயிலின் கழுத்து மெலிந்து போகும். படத்தின் மேல் அகலமான பேக்கிங் டேப் ஒன்றை ஒட்டினால் கெட்டி மரத்தில் வெட்டு விளிம்பு கருகுவது குறையும்.

லேசரின் எல்லை கனத்தில் தெரியும். சிறு பட்டறைகள் வாங்கும் லேசர்கள் சில மில்லிமீட்டர் பிளைவுட்டில் அழகாக வேலை செய்கின்றன. இருபது மில்லிமீட்டர் பலாப்பலகையை அவற்றிடம் கொடுத்தால் மேலே கரிதான் மிஞ்சும். மெல்லியதிலும் விளிம்பு கறுத்தே இருக்கும், கை பட்டால் கரி ஒட்டும், புகை வாசனை பல நாள் நிற்கும்; பூஜைக்கு வாங்குகிறவர்கள் இதை விரும்புவதில்லை. பிளைவுட்டுக்குள் பசை திரண்டிருக்கும் இடங்களில் வெட்டு முழுதாக இறங்காமல் நின்றுவிடுவதும் உண்டு. பிவிசி ஷீட்டை லேசரில் வைக்கவே கூடாது. எரியும்போது வரும் ஹைட்ரஜன் குளோரைடு நுரையீரலையும் மெஷினின் இரும்பையும் ஒருசேர அரிக்கும்.

டெல்டாவில் இந்த ஒப்பீட்டுக்கு ஒரு தனி நியாயம் இருக்கிறது, அது இங்கு கிடைக்கும் மரம். வீணைக்கு உகந்த பலா இங்கு கைக்கெட்டும் மரம். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணி, வேதாரண்யம் பக்கங்களில் தென்னையோடு பலாவையும் மாவையும் வேரோடு சாய்த்தபோது, நல்ல மரம் எத்தனையோ விறகு விலைக்குப் போனதை நினைத்தால் இன்றும் மனம் பொறுக்கவில்லை. பலா ஸ்க்ரோல் சாவுக்கு என்றே பிறந்தது போன்ற மரம்: ஐந்தாம் எண் (பிளேடின் அளவைக் குறிக்கும் எண்) பிளேடு அதில் தயங்காமல் போகும், மஞ்சள் தூள் சீராக விழும், வெட்டு முகத்தில் உப்புத்தாளை இரண்டு முறை இழுத்தால் போதும். மஞ்சள் நிறம் வெளிச்சம் பட்டுப் பட்டு வருடங்களில் பழுப்பாகும் என்பதை வாங்குகிறவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. வாய்க்கால் கரைப் பூவரசின் வைரம் (நடுக்கட்டை) கருஞ்சாக்லேட் நிறத்தில் இருக்கும், கெட்டியானது, வேகத்தைக் குறைத்து பிளேடைத் தள்ளாமல் அறுக்க வேண்டும். தென்னை பற்களை விரைவில் மழுக்கிவிடும். இடித்த வீட்டின் பழைய தேக்கு மலிவாகக் கிடைக்கும். உள்ளே ஒடிந்த ஆணி இருக்கிறதா என்று காந்தம் வைத்துப் பார்க்க வேண்டும்.

இந்தப் பலாவையும் பூவரசையும் சேர்த்து, ஒன்றுக்குள் மற்றொன்றைப் பதித்துச் செய்யும் பதிப்பு வேலையில்தான் ஸ்க்ரோல் சா நிகரற்றது. இரண்டு பலகைகளையும் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து, மேசையைச் சில டிகிரி சாய்த்து ஒரே வெட்டாக அறுத்தால், ஒன்றின் பூ மற்றொன்றின் பள்ளத்தில் இடைவெளியின்றி இறங்கி ஆப்பு போல் இறுகிக்கொள்ளும். நேர்க்கோட்டில் மட்டும் கீழிறங்கும் லேசர், தன் கதிரின் தடிமனளவு விட்டுப்போகும் இடைவெளியை இப்படி மறைக்க முடியாது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் மூன்றிலும் தொல்லை உண்டு. பிளேடுகளைக் காற்றுப்புகாத டப்பாவில் சிறு அரிசி முடிச்சோடு வைக்கவில்லை என்றால் துரு பிடிக்கும், மெல்லிய பிளைவுட் நெளியும். மரத்தூள் புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருப்பதால், ஜன்னல் மூடியிருக்கும் அந்த மாதங்களில் நல்ல முகக்கவசம் இல்லாமல் மெஷினை இயக்க வேண்டாம்.

நான் இப்போது செய்யும் ஏற்பாடு இதுதான். ஒரே பெயர்ப்பலகையை ஐம்பது கேட்டால், மூன்று மில்லிமீட்டர் பிளைவுட்டில் வெளியே லேசர் கடையில் கொடுத்து வெட்டி வாங்கி, விளிம்பின் கரியை நானே தேய்த்து எடுக்கிறேன். பலாவிலும் பூவரசிலும் வரும் தீபப் பின்பலகை, கொலுப் பொம்மை, பதிப்புத் தட்டு எல்லாம் ஸ்க்ரோல் சாவில்தான். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் நிற்கும் நாளில் ஃபிரெட் சாவை எடுத்து ஜன்னலோரம் உட்கார்ந்து, மெஷின் கையில் தவறிய மூலைகளைத் திருத்துகிறேன்.