டக்ஸ்ஃபோர்டா, ஓல்ட் வார்டனா? பழைய போர் விமானங்களைப் படமெடுக்க எங்கே போவது

இந்தக் கோடைக்கும் ஓல்ட் வார்டன் விமானக்காட்சிக்கே டிக்கெட் எடுத்துவிட்டேன். "ஸ்பிட்ஃபயர் போர் விமானம் பார்க்க டக்ஸ்ஃபோர்டுக்கு அல்லவா போக வேண்டும்?" என்று கேட்பவர்களுக்கு வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. இங்கிலாந்தில் இருப்பவர்களுக்கும், கோடையில் பிள்ளைகளைப் பார்க்க வரும்போது ஒரு சனிக்கிழமையை இதற்கென ஒதுக்க முடிந்தவர்களுக்கும் பயன்படும் என்பதால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

இரண்டும் பக்கத்துப் பக்கத்து ஊர் மாதிரிதான். டக்ஸ்ஃபோர்டு கேம்பிரிட்ஜ்ஷயரில் எம்11 நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது. இம்பீரியல் வார் மியூசியத்தின் கிளை. 1938 ஆகஸ்டில் பிரிட்டிஷ் விமானப்படையின் 19ஆம் படைப்பிரிவு முதல் ஸ்பிட்ஃபயரைப் பெற்றுக்கொண்ட தளம் இதுதான். ஓல்ட் வார்டன் பெட்ஃபோர்ட்ஷயரில் பிகிள்ஸ்வேட் அருகே இருக்கும் புல்வெளி விமானத்தளம். ஷட்டில்வொர்த் சேகரிப்பின் வீடு. பழைய கார்களையும் விமானங்களையும் தேடித் தேடிச் சேர்த்த ரிச்சர்ட் ஷட்டில்வொர்த் 1940இல் விமானப்படைப் பயிற்சியின்போது விபத்தில் இறந்தார். மகன் நினைவாகத் தாய் அமைத்த அறக்கட்டளையே இன்றும் அந்தச் சேகரிப்பைப் பராமரிக்கிறது.

சாப்பாடு, கழிப்பறை, கார் நிறுத்துமிடம் இவற்றிலெல்லாம் பெரிய வித்தியாசம் இல்லை. ரயிலில் வருபவர்களுக்கு டக்ஸ்ஃபோர்டு சற்று எளிது. விட்டில்ஸ்ஃபோர்டு நிலையத்தில் இறங்கி, கால் வலுவிருந்தால் நடந்தே போய்விடலாம். ஓல்ட் வார்டனுக்கு பிகிள்ஸ்வேடில் இறங்கி டாக்சி பிடிக்க வேண்டும்.

டக்ஸ்ஃபோர்டின் பெருமையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். எண்ணிக்கையில் அதை அடித்துக்கொள்ள இங்கே வேறு இடம் இல்லை. செப்டம்பரில் நடக்கும் 'பேட்டில் ஆஃப் பிரிட்டன்' விமானக்காட்சியில் ஸ்பிட்ஃபயர்கள் கூட்டமாக எழும்பி ஒரே அணியாகத் தலைக்கு மேல் வரும்போது, படமெடுக்க வந்தவர்கூடக் கேமராவைக் கீழே இறக்கிவிடுவார். ஐரோப்பாவில் பறக்கும் நிலையில் இருக்கும் ஒரே பி-17 குண்டுவீச்சு விமானமான 'சாலி பி'யின் இருப்பிடமும் இதுவே. நமக்கு இன்னொரு ஒட்டுறவும் உண்டு. பின்னாளில் 'மெட்ராஸ் பிரசிடென்சி' என்ற பெயரைத் தாங்கிய 264ஆம் படைப்பிரிவு, 1940 மே மாதம் தன் டிஃபையன்ட் விமானங்களோடு டக்ஸ்ஃபோர்டில்தான் வந்து இறங்கியது. நன்கொடையாகப் போன நம் மாகாணத்துப் பணத்துக்காக வைத்த பெயர் அது; அந்தப் பணமும் அந்தப் போரில் பறந்திருக்கிறது. அந்த டிஃபையன்டில் ஒன்றுகூட இன்று பறக்கும் நிலையில் இல்லை.

ஆனால் படமெடுப்பவனுக்கு டக்ஸ்ஃபோர்டு முதலில் தருவது எரிச்சல்தான். கொட்டகைகளும் பார்வையாளர்களும் ஓடுபாதைக்கு வடக்கே. ஆகவே நாள் முழுவதும் தெற்கு நோக்கி நிற்கிறோம். சூரியன் எதிரே. வானம் வெளுத்துப்போய், விமானம் கருநிழலாகத் தெரியும். கேமராவில் வெளிச்ச அளவை ஒரு படி கூட்டினால் வானத்தில் நீலமே மிஞ்சாது. மெல்லிய மேகம் மூடிய நாளில் இந்தத் தொல்லை பாதியாகக் குறைகிறது என்பதால், டக்ஸ்ஃபோர்டுக்குப் போகும் அன்று மட்டும் நான் மேகத்துக்காக வேண்டிக்கொள்வது வழக்கம். தெற்குப் பக்கம் வேலிக்கு வெளியே வயல் ஓரத்தில் போய் நிற்பவர்கள் உண்டு. அங்கே நான் நின்றதில்லை, அதனால் அதைப் பற்றிப் பேசாமல் விடுகிறேன்.

வெளிச்சத்தைக்கூட மன்னித்துவிடலாம். என்னை ஓல்ட் வார்டன் பக்கம் இழுத்தது விமானம் வரும் பாதை. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

டக்ஸ்ஃபோர்டில் ஓடுபாதை நேர்கோடு, பார்வையாளர் வேலியும் அதற்கு இணையான நேர்கோடு. விமானமும் அந்தக் கோட்டின் மேலேயே இடமிருந்து வலமாகவோ வலமிருந்து இடமாகவோ கடந்து போகிறது. அது நமக்கு மிக அருகில் இருப்பது ஒரு கணம். அதற்கு முன் மூக்கு பெரிதாகத் தெரியும், அதற்குப் பின் வால் பெரிதாகத் தெரியும். கோணம் நொடிக்கு நொடி மாறுவதால் கையும் வேகத்தை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். தப்பாமல் கிடைப்பது பக்கவாட்டுத் தோற்றம், கொஞ்சம் அடிவயிறு. வட்டமடித்துத் திரும்பும்போதுதான் இறக்கையின் மேற்புறம் தெரிகிறது. அதற்குள் விமானம் எட்டாத தூரத்துக்குப் போயிருக்கும்.

ஓல்ட் வார்டனில் பார்வையாளர் வேலி நடுவில் ஓரிடத்தில் ஒடிந்து திரும்புகிறது. அந்த மூலையைச் சுற்றி விமானிகள் வளைவாகப் பறக்கிறார்கள். வளைந்து பறக்க வேண்டுமென்றால் விமானம் உள்பக்கமாகச் சாய வேண்டும். உள்பக்கம் என்பது நாம் நிற்கும் பக்கம். ஆக இறக்கையின் மேற்புறம் முழுவதும், உள்ளே குனிந்து உட்கார்ந்திருக்கும் விமானியின் தோல் தொப்பி வரை, நம்மை நோக்கித் திரும்பிவிடுகிறது. வளைவின் நடுப்புள்ளிக்கு அருகே நாம் நிற்பதால் தூரமும் அதிகம் மாறுவதில்லை, கோணமும் அதிகம் மாறுவதில்லை. ஒரே தோற்றம் சில நொடிகள் நீடிக்கிறது. கேமராக்காரனுக்கு இந்தச் சில நொடிகள் பெரும் செல்வம். அதிலும் பின்னணியில் வெறும் வானம் இல்லை, மரங்கள். அவை மங்கி ஓடுவதில் வேகம் தானாகவே படத்துக்குள் வந்துவிடுகிறது.

அந்த நொடிகளின் மதிப்பு புரொப்பெல்லர் விஷயத்தில்தான் முழுதாகத் தெரியும். ஜெட் விமானத்தை 1/2000 நொடி ஷட்டர் வேகத்தில் எடுத்தால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். புரொப்பெல்லர் விமானத்தை அப்படி எடுத்தால் அலகுகள், அதாவது சுழலும் தகடுகள், உறைந்து நின்றுவிடும். நூலில் கட்டித் தொங்கவிட்ட பொம்மைபோல் இருக்கும். புரொப்பெல்லர் நிமிடத்துக்கு 1200 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 1/1000 நொடியில் ஓர் அலகு 7 பாகைதான் நகரும். 1/250இல் 29, 1/125இல் 58. மூன்று அலகுள்ள ஸ்பிட்ஃபயருக்கு முழு வட்டமும் மங்கலாக நிறைய 120 பாகை வேண்டும், அதாவது 1/60. முதல் உலகப் போர் விமானங்கள் பலவற்றில் அலகு இரண்டே இரண்டு. அங்கே 180 பாகை, அதாவது 1/40.

இத்தனை மெதுவான ஷட்டரில் நேர்கோட்டில் சீறிப் பாயும் விமானத்தைப் பின்தொடர்ந்தால் என் கையில் பத்துக்கு ஒன்று கூடத் தேறுவதில்லை. வளைவில் தேறுகிறது. அதிலும் சாப்வித் பப் போன்ற ஈரடுக்கு இறக்கை விமானங்கள் நம் ஊர் நெடுஞ்சாலைக் காரைவிடச் சற்று வேகமாகத்தான் போகின்றன. பதற்றமில்லாமல் 1/60 வரை இறங்கிப் பார்க்கலாம். ஒரு எச்சரிக்கை: சாய்வை மாற்றும் தருணத்தில் மூக்கு தெளிவாகவும் இறக்கை நுனி கலங்கியும் விழும். சாய்வு நிலைத்த பிறகு பொத்தானை அழுத்துவது நல்லது.

வளைவின் பயனை விட்டுவிட்டாலும் ஓல்ட் வார்டனில் தரையிலேயே நிறைய இருக்கிறது. சில பழைய விமானங்களை எழுப்ப ஹக்ஸ் ஸ்டார்ட்டர் என்ற வண்டியைக் கொண்டுவருவார்கள். பழைய ஃபோர்டு மாடல் டி காரின் மேல் ஒரு நீண்ட தண்டு. அதன் முனையைப் புரொப்பெல்லரின் நடுக்குமிழில் கொண்டுபோய்ப் பொருத்துவார்கள். காரின் எஞ்சின் தண்டைச் சுழற்ற, விமான எஞ்சின் இருமி, புகை கக்கி, பற்றிக்கொண்டதும் தண்டு தானாக விலகிவிடும். பிறகு காற்றில் ஒரு வாசனை வரும். முதல் உலகப் போர்க்கால ரோட்டரி எஞ்சின்களுக்கு மசகாக ஊற்றுவது விளக்கெண்ணெய். புரொப்பெல்லரோடு எஞ்சினே சேர்ந்து சுற்றும் அமைப்பு என்பதால் எரியாத எண்ணெயும் புகையோடு வெளியே தெறிக்கும். சின்ன வயதில் விளக்கெண்ணெய் குடிக்க வைக்கப்பட்டவர்களுக்கு அந்த வாசனையின் அருமை வேறு மாதிரி தெரியும்.

ஓல்ட் வார்டனுக்கும் குறை உண்டு, அதுவும் சின்னக் குறை இல்லை. காற்று. 1909இன் பிளேரியோ, 1912இன் பிளாக்பர்ன் போன்ற விமானங்கள் காற்று கிட்டத்தட்ட அடங்கினால்தான் கொட்டகையை விட்டு வெளியே வரும். பிளேரியோ வந்தாலும் ஓடுபாதை மேலேயே கொஞ்ச உயரத்தில் நேராக ஒரு தாவல் தாவிவிட்டு இறங்கிவிடும். அதை நம்பி டிக்கெட் எடுக்கக் கூடாது. நான்கு எஞ்சின் குண்டுவீச்சு விமானம் கண்முன் ஓடி எழும்புவதைப் பார்க்க ஆசைப்படுபவர்களும் இங்கே வர வேண்டாம், அது டக்ஸ்ஃபோர்டின் சமாச்சாரம்.

லென்ஸ் பற்றி இரண்டு வார்த்தை. டக்ஸ்ஃபோர்டில் 600 மில்லிமீட்டர் இல்லாமல் ஒற்றை விமானம் சட்டத்தை நிரப்பாது. இரண்டு கிலோ எடையை நாள் முழுக்கத் தூக்கிப் பிடித்தால் மாலைக்குள் தோள் வலிக்கும். ஓல்ட் வார்டனில் 100-400 போதுமானது. எடை குறைந்தால் மெதுவான ஷட்டரில் கையும் சீராக நகர்கிறது. மழைநாளில் இரண்டு இடத்திலும் எப்படி இருக்கும் என்பதை உறுதியாகச் சொல்ல எனக்கு அனுபவம் போதாது.

முதல் முறை போகிறவர், ஒரே ஒரு நாள்தான் கையில், குழந்தைகளும் கூட வருகிறார்கள் என்றால் டக்ஸ்ஃபோர்டுக்கே போங்கள். கூடுதல் கட்டணத்தில் விமானங்களுக்கு நடுவே நடக்கவிடும் ஏற்பாடு அன்று இருந்தால் தவறவிடாதீர்கள். எதிர்வெயிலில் எடுக்கும் பறக்கும் படங்களைவிட அங்கே காலையில் எடுப்பவை நன்றாக வரும். படம்தான் முக்கியம் என்றால் ஓல்ட் வார்டனின் மாலைக் காட்சிகளில் ஒன்றுக்கு முன்பதிவு செய்யுங்கள். பொழுது சாயச் சாயக் காற்றும் அடங்கும். சூரியன் தாழ்ந்து, இறக்கைக்கு அடியிலும் வெளிச்சம் எட்டும். சீக்கிரமே போய் வேலி ஒடியும் அந்த மூலையில் நாற்காலியைப் போட்டுவிடுங்கள். அந்த மூலையின் அருமை தெரிந்தவர்கள் ஏற்கெனவே அங்கே உட்கார்ந்திருப்பார்கள்.