ஜப்பான் கிராமத்து வீட்டுக்குச் சீமெண்ணெய் ஃபேன் ஹீட்டர்: எதை வாங்கலாம், எங்கே ஏமாறுவோம்

தொண்டியில் இருந்து ஏர்வாடி வரை நம் கரையில் மார்கழி வாடை எவ்வளவு அடித்தாலும் தலையில் ஒரு துண்டைக் கட்டினால் தீர்ந்தது. 20 டிகிரிக்குக் கீழே இறங்கினால் அதுவே பெரிய குளிர். மீன்பிடி, விவசாய வேலை விசாவில் ஜப்பான் போகிறவர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் பழைய மர வீடு. ஒற்றைக் கண்ணாடி ஜன்னல், அலுமினியச் சட்டம், தரைக்கு அடியில் காற்று ஓடும் இடைவெளி. ஜனவரியில் வெளியில் உள்ள குளிருக்கும் அறைக்குள் உள்ள குளிருக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. வீடு முழுவதையும் சூடாக்கும் வழக்கமும் அங்கே பெரும்பாலும் இல்லை. ஆள் இருக்கும் அறை மட்டும்தான். அதனால் முதல் சம்பளத்தில் முதல் செலவு ஹீட்டராக இருக்கட்டும்.

ஊரில் இருந்து கரன்ட் ஹீட்டர் கொண்டுபோகும் யோசனையை விட்டுவிடுங்கள். அங்கே மின்சாரம் 100 வோல்ட். நம் 230 வோல்ட்டுக்குச் செய்த 2000 வாட் ஹீட்டர் அதில் 400 வாட்கூடக் கொடுக்காது. இட்லித் துணி காய வைக்கலாம்.

ஃபேன் ஹீட்டர் என்பது சீமெண்ணெயை ஆவியாக்கி எரித்து, விசிறியால் சூட்டைத் தரையோடு தள்ளும் பெட்டி. வாங்கும்போது அட்டையில் இரண்டு எண் பார்க்க வேண்டும். 3.2 கிலோவாட் மாடல் என்றால் மர வீட்டில் 9 ஜோ, கான்கிரீட் வீட்டில் 12 ஜோ என்று போட்டிருக்கும். ஜோ என்பது ஒரு பாய் அளவு. 9 ஜோ ஏறத்தாழ 160 சதுர அடி. கடைக்காரர் கான்கிரீட் எண்ணைத்தான் பெரிதாக எழுதி வைத்திருப்பார். உங்களுக்கு வேண்டியது மர வீட்டு எண். ஒரு அறைக்கு 3.2 போதும்.

டைனிச்சி, கொரோனா இரண்டும் நீகத்தா மாகாணத்துக் கம்பெனிகள். (கொரோனா என்ற பெயர் வைரஸுக்கு வெகுகாலம் முந்தியது, பயம் வேண்டாம்.) டைனிச்சி சுமார் 40 வினாடியில் பற்றும், ஆனால் எரியும் நேரம் முழுவதும் கரன்ட் கூடுதலாக இழுக்கும். கொரோனாவின் சாதாரண மாடல்கள் பற்ற அதைப்போல இரண்டு மடங்கு நேரம் எடுக்கும், கரன்ட் குறைவு. விடியும் முன் வலைக்குக் கிளம்புகிறவருக்கு அந்த 40 வினாடி பெரிய விஷயம். நாள் முழுவதும் அறையில் ஓடுவதற்கு இரண்டாவதுதான் சரி.

செலவுக் கணக்கு: முழு வேகத்தில் மணிக்கு 0.31 லிட்டர். 5 லிட்டர் டேங்க் 16 மணி நேரம் தாங்கும். அறை சூடானதும் தானே குறைத்துக்கொள்ளும் என்பதால் காலை, மாலை மட்டும் போட்டால் நாளுக்கு ஒன்றரை லிட்டர் வைத்துக்கொள்ளலாம். ஒரு கேன் 18 லிட்டர், சுமார் பன்னிரண்டு நாள் வரும். சமீப வருஷங்களில் ஒரு கேன் 2,000 யென்னைத் தாண்டிவிட்டது. பங்க்கில் வாங்கலாம், குளிர்காலத்தில் பாட்டுப் போட்டுக்கொண்டு தெருவுக்கே லாரியும் வரும்.

நம் ஆட்கள் தடுக்கி விழும் இடம் எண்ணெய்தான். ரேஷன் சீமெண்ணெய் நீலமாக இருந்து பழகிய கண்ணுக்கு அங்கே உள்ளது வெறும் தண்ணீர் மாதிரித் தெரியும், நிறமே கிடையாது. ஆரஞ்சு நிறமாக இருந்தால் அது பெட்ரோல். ஹீட்டரில் ஊற்றினால் வீடே போய்விடும். பங்க்கில் குழாய்ப் பிடியின் நிறம் சிவப்பு என்றால் சாதா பெட்ரோல், மஞ்சள் என்றால் உயர்ரகம், பச்சை என்றால் டீசல், நீலம் என்றால் சீமெண்ணெய். கேட்க வேண்டிய சொல் 'தோயு'. 'கெய்யு' என்றால் டீசல். கெய் கார் என்று சொல்கிறார்களே, அந்தச் சின்ன வண்டிக்குக் கெய்யுதான் போலிருக்கிறது என்று ஜப்பான்காரர்களே ஊற்றிவிட்டு இன்ஜினைக் கெடுத்துக்கொள்வது உண்டு. அந்த வண்டிக்குச் சாதா பெட்ரோல்தான்.

நிரப்பும் விதம்: ஹீட்டரை அணைத்து, டேங்கை உருவி, வாசல் படிக்குக் கொண்டுபோங்கள். டேங்க் தரையில், கேன் அதைவிட உயரத்தில். சிவப்புக் கைப் பம்ப்பை நாலு தடவை அமுக்கினால் எண்ணெய் தானே இறங்கும். இங்கே பேரலில் குழாய் விட்டு வாயால் உறிஞ்சுகிற வேலை வேண்டாம். ஆனால் தானே நிற்காது. அளவுக் கண்ணாடியில் எண்ணெய் ஏறும்போதே பம்ப் தலையில் உள்ள திருகைத் தளர்த்த வேண்டும், இல்லாவிட்டால் வழியும். மூடியை இறுக்கி, டேங்கைத் தலைகீழாகப் பிடித்துச் சொட்டு விழுகிறதா என்று பார்த்த பிறகே உள்ளே வையுங்கள். பாயில் சிந்தினால் அந்த வாடை லேசில் போகாது. 500, 1,000 யென் கூடக் கொடுத்துத் தானே நிற்கும் பேட்டரி பம்ப் வாங்குவது நல்லது.

அறைக்காற்றிலேயே எரிந்து அதற்குள்ளேயே புகையும் விடுவதால், மணிக்கு ஒன்றிரண்டு முறை ஜன்னலை ஒன்றிரண்டு நிமிடம் திறந்தே ஆக வேண்டும். குளிருக்குப் பயந்து திறக்காமல் விட்டால் கார்பன் மோனாக்சைடு சேரும். வாடையும் வராது, தெரியாமலே மயக்கும். இரவு போட்டுவிட்டுத் தூங்கக் கூடாது. தொடாமல் விட்டால் 3 மணி நேரத்தில் தானே அணையும் வசதி இருக்கிறது, அதை நம்பி உறங்க வேண்டாம். ஒரு லிட்டர் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீரும் ஆவியாகி அறைக்குள் சேரும். விடிந்தால் ஜன்னல் கண்ணாடி அழும், திரைச்சீலை அடியில் கறுப்புப் பூஞ்சை பிடிக்கும். காலையில் ஒரு துடைப்பு கட்டாயம்.

பற்றிப் பற்றி அணைந்தால் உடனே ரிப்பேர் என்று நினைக்காதீர்கள். முதல் சந்தேகம் பின்பக்க வலை. வாரம் ஒருமுறை தூசி தட்ட வேண்டும். அடுத்தது தலைக்குப் போடும் சீரம், ஸ்ப்ரே. அவற்றில் உள்ள சிலிக்கோன் எரிந்து, தீயை உணரும் கம்பியில் வெள்ளைப் படலமாக ஒட்டிவிடும். தீ எரிந்தாலும் மெஷினுக்குத் தெரியாது, அணைத்துவிடும். தேங்காய் எண்ணெய்க்காரர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை! மூன்றாவது, போன வருஷ எண்ணெய். கண்ணாடி டம்ளரில் ஊற்றி, பக்கத்தில் தண்ணீர் டம்ளரை வைத்து, பின்னால் வெள்ளைத் தாளைப் பிடியுங்கள். லேசாக மஞ்சள் தட்டினாலும், புளித்த வாடை வந்தாலும் ஊற்றக் கூடாது. வெயில் பட்டால் கெடும் என்பதால்தான் சீமெண்ணெய்க் கேன் சிவப்பிலோ நீலத்திலோ வருகிறது. வெள்ளைத் தண்ணீர்க் கேனில் வைக்க வேண்டாம்.

இதன் பெரிய குறை, கரன்ட் போனால் நின்றுவிடும். பனி அதிகம் விழும் ஊர், தீவு என்றால் கூடவே ஒரு திரி ஸ்டவ் வேண்டும். நம் பாட்டி வைத்திருந்த திரி அடுப்பின் பெரிய அண்ணன் அது. கரன்ட் வேண்டாம், மேலே கெட்டிலையும் வைக்கலாம்.

பழையது வாங்கினால் 2011-க்குப் பிறகு வந்ததா, பி.எஸ்.சி. (PSC) என்ற பாதுகாப்பு முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அந்த வருஷம் ஏப்ரல் முதல் முத்திரை இல்லாததை விற்கவே கூடாது. கூட இருந்தவர் ஊருக்குக் கிளம்பும்போது சும்மா கொடுத்துவிட்டுப் போகும் பெட்டியையும் இதே கண்ணோடு பாருங்கள்.

ஏப்ரலில் கட்டி வைக்கும் முன் டேங்கைக் காலி செய்து, உள்ளே தங்கியிருப்பதைச் சொட்டுக் குழாயால் உறிஞ்சி எடுத்து, வடிகட்டியையும் கவிழ்த்துத் துடைக்க வேண்டும். மிஞ்சிய எண்ணெயைச் சாக்கடையிலோ வயலிலோ ஊற்றாமல், வாங்கிய பங்க்கிலேயே கேளுங்கள். பெரும்பாலும் எடுத்துக்கொள்வார்கள்.