பட்டாசு அச்சத்துக்கு இறுக்கச் சட்டை: இரண்டு தீபாவளிகளின் அனுபவம்

நீலகிரி மலையிலுள்ள கேத்திப் பள்ளத்தாக்கின் சரிவில் குடியிருப்பவர்களுக்கு, எதிர்ச்சரிவில் வெடிக்கும் ஓர் அணுகுண்டு வெடியின் ஓசை ஒரு முறை நேராகவும் மறுமுறை மலையில் மோதித் திரும்பியும் வந்து சேரும் என்பது தெரியும். எங்கள் நாட்டு நாய் மணி அந்த இரண்டாவது ஓசைக்குத்தான் அதிகம் நடுங்கும். அதற்காகச் சென்ற ஆண்டு இணையத்தில் 1,400 ரூபாய்க்கு வாங்கிய, மார்பையும் வயிற்றையும் அணைத்தாற்போல் பிடிக்கும் இறுக்கச் சட்டையைப் பற்றியதே இம்மதிப்புரை.

முதல் குறை அளவில் இருக்கிறது. விற்பனையாளர் எடையை வைத்து அளவு சொல்கிறார். ஆனால் பொருந்துவதைத் தீர்மானிப்பது முன்னங்கால்களுக்குப் பின்னால் எடுக்கும் மார்புச் சுற்றளவு. அதை அறியாமல் ஒரு முறை திருப்பி அனுப்பி மாற்ற நேர்ந்தது.

சென்ற தீபாவளியன்று, வெடிச்சத்தம் தொடங்கிய பிறகே சட்டையை மாட்டினோம். மணி அசையாமல் நின்றதைப் பார்த்து அமைதி அடைந்துவிட்டதாக மகிழ்ந்தோம். உண்மையில் அது அச்சத்தில் உறைந்து நின்றிருக்கிறது. வால் வயிற்றோடு ஒட்டியிருந்தது, எச்சில் ஒழுகிக்கொண்டே இருந்தது. மறுநாள் நண்பகல் வரை உணவைத் தொடவில்லை. சட்டையின் ஒட்டுப்பட்டையைப் பிரிக்கும்போது எழும் 'சர்' என்ற ஓசையே அதை மேலும் மிரளவைத்தது. ஓசைக்கு அஞ்சும் விலங்குக்கான பொருளில் இப்படியொரு பட்டையை வைத்தவர் நாய் வளர்த்தவராக இருக்க முடியாது.

இந்த ஆண்டு, கால்நடை மருத்துவரின் அறிவுரைப்படி, பத்து நாள்களுக்கு முன்பிருந்தே தினமும் சில நிமிடம் சட்டையை அணிவித்து, கோழித் துண்டு கொடுத்துப் பழக்கினோம். பட்டையின் ஓசைக்கும் அதே கோழித் துண்டுதான். தமிழகத்தில் பட்டாசுக்கு அனுமதி காலை 6 முதல் 7 வரையும் இரவு 7 முதல் 8 வரையும் மட்டுமே என்றாலும், அந்த எல்லைக்குள் யாரும் நிற்பதில்லை என்பதால், மாலை 5 மணிக்கே அதை நடைக்கு அழைத்துச் சென்று வந்து, சன்னல் இல்லாத உள்ளறையில் கம்பளி விரித்து, வானொலியை ஓடவிட்டோம். கதவுகளைத் தாழிட்டதற்கு இங்கே கூடுதல் காரணம் உண்டு: மிரண்டு ஓடும் நாய்க்குச் சமவெளியில் வண்டிதான் ஆபத்து, இங்கே தேயிலைத் தோட்டத்துச் சிறுத்தையும் சேர்ந்துகொள்கிறது.

இத்தகைய சட்டைகளின் பயனை ஆய்வுகள் இன்னும் ஐயமற நிறுவவில்லை. எங்கள் வீட்டில் கிடைத்த பலனில் சட்டைக்கு எவ்வளவு பங்கு, பழக்கத்துக்கும் அறைக்கும் எவ்வளவு பங்கு என்று என்னால் பிரித்துச் சொல்ல இயலாது. ஆனால் பழக்காமல் வாங்கினால் பணம் வீண் என்பதை உறுதியாகச் சொல்வேன். மிகுந்த அச்சமுடைய நாய்க்கு இது மருத்துவரின் மருந்துக்கு மாற்றும் அல்ல.

துணி தடிமனானது, மலைக்குளிரில் அது நல்லதுதான், ஆனால் ஐப்பசி மழையில் துவைத்தால் காய இரண்டு நாள் ஆகிறது. பண்டிகைக்கு முந்தைய வாரத்தில் துவைத்துவிடாதீர்கள். இம்முறை மணி எட்டரை மணி வரை நடுங்கியது. ஒன்பதுக்குத் தயிர்ச்சோற்றைத் தின்றுவிட்டு, சட்டையோடே உறங்கிவிட்டது.