ஒட்டிக்கொள்ளும் பட்டனோடு ஆறு வருடம்

என் ஸ்கூபா டைவிங் ஜாக்கெட்டில் காற்று ஏற்றும் இன்ஃப்ளேட்டர் மூன்றாவது முறையாகச் சர்வீஸ் முடிந்து வந்த அன்றுதான் ஒரு நண்பர் கேட்டார்: "உங்க பி.சி.டி. எப்படி? நானும் அதையே வாங்கலாமா?" நல்ல நேரம் பார்த்துக் கேட்டார்.

பி.சி.டி. என்பது தண்ணீருக்கடியில் மிதப்பைக் கட்டுப்படுத்தப் போடும் அந்தக் காற்று ஜாக்கெட். ஆறு வருடமாக எனக்கு இது ஒன்றுதான். தையல் விடவில்லை, எடைப் பை ஒருமுறைகூட நழுவவில்லை. என் பிரச்சினை எல்லாம் அந்த விரல்நுனி அளவு பட்டன். காற்று ஏற்ற அழுத்தினால் சில சமயம் திரும்பி வராது. உள்ளே இருப்பது வண்டி டயரில் உள்ளது மாதிரியான சின்ன வால்வு. உப்பு படிந்தால் இறுகிவிடும். பட்டனைச் சுற்றிப் பள்ளம் வேறு, மணல் தங்குவதற்கென்றே வைத்தது போல.

முதல் தடவை 14 மீட்டர் ஆழத்தில் பட்டன் மாட்டிக்கொண்டது. காற்று ஏறும் 'உஸ்' சத்தம் நிற்கவே இல்லை, ஜாக்கெட் என்னை மேலே தூக்கியது. நான் பட்டனை நோண்டிக்கொண்டிருந்தேன், அதுதான் தப்பு. மேலே போகப் போக வெளி அழுத்தம் குறையும், ஜாக்கெட்டில் இருக்கும் காற்று விரியும், வேகம் இன்னும் கூடும். 10 மீட்டரிலிருந்து மேற்பரப்புக்கு வருவதற்குள் அதே காற்று இரண்டு மடங்கு இடம் கேட்கும். நுரையீரலுக்கும் அதே கணக்குதான் என்பதால் மூச்சை மட்டும் அடக்கவில்லை. ஏறும் வேகம் நிமிடத்துக்கு 9 மீட்டரைத் தாண்டியதும் டைவ் கம்ப்யூட்டர் கத்தத் தொடங்கியது.

பதற்றத்தில் தலைகீழாகத் திரும்பிக் கீழே நீந்தப் பார்த்தேன். காற்றெல்லாம் இடுப்புப் பக்கம் ஏறிவிட்டது. காற்றை வெளியேற்றும் தோள் வால்வை இழுத்தால் ஒன்றும் வரவில்லை. அப்போது கைக்கு அகப்பட்டது வலது இடுப்பில் தொங்கும் டம்ப் குமிழ், அதுவும் காற்றை வெளியேற்றத்தான். கண்ணால் தேட வேண்டியதில்லை, கையுறையோடும் பிடிபடும் பருமன். இழுத்தேன், குபுகுபுவென்று காற்று போனது. இடது கையால், டேங்க்கிலிருந்து இன்ஃப்ளேட்டருக்குக் காற்று கொண்டுவரும் ஹோஸைக் கழற்றினேன். 9, 10 பார் அழுத்தம் நிற்கும் இணைப்பு அது, வெறுமனே இழுத்தால் வராது. லேசாக உள்ளே தள்ளிக்கொண்டு காலரைப் பின்னுக்கு இழுக்க வேண்டும். 6 மீட்டரில் நின்றேன். அப்புறம் காற்று வேண்டியபோதெல்லாம் வாயால் ஊதிக்கொண்டேன்.

நியாயமாகச் சொன்னால் என் பங்கும் உண்டு. முதல் இரண்டு வருடம் வெளியே மட்டும்தான் கழுவினேன். இன்ஃப்ளேட்டர் வாய் வழியாக நல்ல தண்ணீரை உள்ளே விட்டு, குலுக்கிக் கொட்ட வேண்டும் என்று சொல்லித்தந்திருந்தார்கள், சோம்பல். ஆனால் அதற்குப் பிறகு ஒருநாளும் தவறவில்லையே! இரண்டு முறை மறுபடியும் ஒட்டியது. இரண்டும் கரையிலேயே, டேங்க்கைத் திறந்து சோதிக்கும்போது தெரிந்துவிட்டது. இப்போது தண்ணீரில் இறங்குமுன் பத்துத் தடவை அழுத்திப் பார்க்கிறேன். கூட வருபவர்களுக்குச் சிரிப்பு.

நண்பரிடம் வாங்காதீர்கள் என்று சொல்லிவிட்டேன். "அப்போ உங்களுதைக் குடுத்துடுவீங்களா?" என்றார். மாட்டேன். அந்த இடுப்புக் குமிழ் மாதிரி இன்னொன்று என் கைக்கு இதுவரை கிடைக்கவில்லை.